காணாமல் போன சாளரம், கீழே இறங்காத சாளரம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

“கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு, கொஞ்சம் வந்து பாருங்க” என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் ஹேங் எதுவும் இருக்காது. ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கேட்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று, பெரிய சாளரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று பதிலுக்குக் காத்திருக்கும். அது தெரியாமல் பவர் பட்டனை அழுத்திவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு. அவர்களுடைய அரைநாள் வேலையை என்னால் மீட்டுத்தர முடிந்ததில்லை.

அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் ஒரு நிபந்தனை: ஆல்ட் + டேப் (மேக்கில் கமாண்ட் + டேப்) அழுத்திப் பார்க்கும்வரை எதையும் மூடாதீர்கள். அந்த வரிசையில் ப்ரோகிராம் தெரிந்தால் சாளரம் எங்கேயோ இருக்கிறது. திரைக்கு வெளியே, வேறொன்றின் கீழே, அல்லது சுருக்கி வைத்த நிலையில்.

பேச்சில் எல்லாரும் ‘விண்டோ’ என்றுதான் சொல்கிறோம். இங்கே விண்டோஸ் என்ற பெயரும் அடிக்கடி வருவதால் குழப்பம் வேண்டாமென்று சாளரம் என்றே எழுதுகிறேன்.

## அறிகுறி: டாஸ்க்பாரில் இருக்கிறது, திரையில் இல்லை

எனக்கு அதிகம் வருவது இதுதான். லேப்டாப்பை இரண்டாவது மானிட்டரோடு சேர்த்துப் பயன்படுத்திவிட்டு, கேபிளைக் கழற்றிக்கொண்டு போனவர்களுக்கு நேரும். ப்ரோகிராம் தான் கடைசியாக இருந்த இடத்தை நினைவில் வைத்திருந்து, இப்போது இல்லாத மானிட்டரில் போய்த் திறந்துகொள்கிறது.

### இரண்டாவது திரை இன்னும் செருகியே இருக்கிறதா?

முதலில் இதைப் பாருங்கள், ஒரு காசு செலவில்லை. அணைத்து வைத்த டிவியோ, வேறு இன்புட்டுக்கு மாற்றிய மானிட்டரோ, கேபிள் செருகியிருந்தால் பல நேரம் ‘இணைந்த திரை’யாகவே கணக்கில் இருக்கும். சாளரம் அங்கே சமத்தாக உட்கார்ந்திருக்கும். ஆல்ட் + டேப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் + ஷிஃப்ட் + இடது அம்பு அழுத்துங்கள். அடுத்த திரைக்குத் தாவி வந்துவிடும். அல்லது விண்டோஸ் + பி (P) அழுத்தி, கணினித் திரை மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

### கேபிளைக் கழற்றியாகிவிட்டது

விண்டோஸில் எளியதிலிருந்து தொடங்கலாம். ஆல்ட் + டேப்பில் சாளரத்தைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் + மேல் அம்பு. பெரிதாகும்போது அது அருகிலுள்ள நிஜமான திரைக்கு வந்து நிரம்பும். பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும்.

வரவில்லையா? ஆல்ட் + ஸ்பேஸ், அப்புறம் எம். இப்போது ‘மூவ்’ நிலையில் இருக்கிறீர்கள், ஆனால் திரையில் எதுவும் தெரியாது. இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். உடனே மவுஸை அசைக்கக் கூடாது. ஏதாவது ஒரு அம்பு விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். அந்தத் தட்டலில்தான் சாளரம் கர்சரோடு ஒட்டிக்கொள்கிறது. இனி மவுஸை அசைத்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சாளரம் இழுபட்டு வரும். வேண்டிய இடத்தில் ஒரு கிளிக், முடிந்தது. ‘மூவ்’ மங்கலாக இருந்தால் முதலில் ‘ரிஸ்டோர்’ கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஆல்ட் + ஸ்பேஸை வேறு ஏதாவது ப்ரோகிராம் பிடித்து வைத்திருந்தால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டாஸ்க்பாரில் அதன் பட்டன்மேல் வலது கிளிக் செய்யுங்கள். அதே பழைய மெனு வரும்.

லினக்ஸில் டெஸ்க்டாப் சூழல் க்னோம் என்றால் ஆல்ட் + ஸ்பேஸ், கேடிஈ என்றால் ஆல்ட் + எஃப்3. இரண்டிலும் ‘மூவ்’ கிடைக்கும். மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. வந்தால் கண்ட்ரோல் + மேல் அம்பு அழுத்தி எல்லாச் சாளரங்களையும் பரப்பிப் பாருங்கள். அல்லது மேல் மெனுவில் ‘விண்டோ’ என்பதைத் திறந்து, ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடியுங்கள். ‘பிரிங் ஆல் டு ஃப்ரண்ட்’ என்றிருந்தது ‘அரேஞ்ச் இன் ஃப்ரண்ட்’ என்று மாறும். அதைக் கொடுத்தால் அந்த ப்ரோகிராமின் சாளரங்கள் எல்லாம் முன்னால் வந்து அடுக்கிக்கொள்ளும்.

### கொண்டுவந்தாலும் மறுநாள் அங்கேயே போய்விடுகிறது

நடுத்திரைக்குக் கொண்டுவந்தபின், ப்ரோகிராமை முறைப்படி மூடினீர்களா? பல ப்ரோகிராம்கள் மூடும்போதுதான் இடத்தை எழுதி வைக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் புது இடம் பதிவாகாது. பழைய தவறான இடமே மறுபடி வரும்.

முறைப்படி மூடியும் சரியாகவில்லையென்றால் ப்ரோகிராமின் அமைப்புக் கோப்பைப் பார்க்க வேண்டும். ஒருமுறை அப்படித் திறந்தபோது இடம் என்ற வரியில் -32000, -32000 என்று இருந்தது. பார்த்ததும் சிரிப்பு வந்தது. விண்டோஸ், சுருக்கிய சாளரங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் அது. சுருக்கிய நிலையிலேயே மூடியபோது ப்ரோகிராம் அந்த எண்ணை அப்பாவியாகக் குறித்துக்கொண்டது. ப்ரோகிராமை மூடிவிட்டு, கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்து, எண்ணை 100, 100 என்று மாற்றினேன். சரியாகிவிட்டது. இப்படிக் கையால் திருத்தத் தயக்கமாக இருந்தால் அந்தக் கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள். ப்ரோகிராம் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். ஆனால் உங்கள் மற்ற விருப்ப அமைப்புகளும் அதோடு போகும்.

### ஆல்ட் + டேப்பிலேயே இல்லை

இன்னொரு டெஸ்க்டாப்பில் இருக்கலாம். விண்டோஸ் + டேப் அழுத்திப் பாருங்கள். ஆல்ட் + டேப் வழக்கமாக இப்போதுள்ள டெஸ்க்டாப்பின் சாளரங்களை மட்டுமே காட்டும். அங்கேயும் இல்லையென்றால் கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகான்களில் ஒளிந்திருக்கும். அதிலும் இல்லாமல், டாஸ்க் மேனேஜரில் பின்னணி வேலைகளின் கீழ் மட்டும் பெயர் தெரிந்தால், அதற்குச் சாளரமே கிடையாது. இந்த ஒரு நிலையில் மட்டும் தயங்காமல் முடித்துவிட்டு மறுபடி திறக்கலாம்.

## அறிகுறி: டைட்டில் பார் திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது

ரெசல்யூஷன் மாறியிருக்கும், அல்லது ஸ்கேலிங் (எழுத்தையும் பட்டனையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) 100-லிருந்து 150 சதவீதத்துக்கு ஏறியிருக்கும். விண்டோஸில் மேலே சொன்ன ஆல்ட் + ஸ்பேஸ், எம், அப்புறம் கீழ் அம்பு. க்னோமிலும் கேடிஈயிலும் இன்னும் சுலபம்: சூப்பர் விசையை (விண்டோஸ் விசையேதான்) அழுத்திக்கொண்டு சாளரத்தின் எந்தப் பகுதியைப் பிடித்தும் இழுக்கலாம். எக்ஸ்எஃப்சிஈ என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அதற்கு ஆல்ட்.

பெட்டியே திரையைவிட உயரமாகி, ‘ஓகே’ பட்டன் கீழே மறைந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டாதீர்கள். எந்தப் பட்டன் தேர்வாகியிருக்கிறது என்று தெரியாது. ஸ்கேலிங்கைத் தற்காலிகமாகக் குறைத்து, பட்டனைக் கண்ணால் பார்த்து அழுத்திவிட்டு, பழையபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: கிளிக் செய்தால் ‘டிங்’ என்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை

தொடக்கத்தில் சொன்ன கதை. இதில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

### ‘டிங்’ சத்தம் வருகிறது

நல்ல செய்தி. ப்ரோகிராம் உயிரோடு இருக்கிறது, எங்கேயோ ஒரு கேள்விப் பெட்டி பதில் கேட்டு நிற்கிறது. ஆல்ட் + டேப்பில் அது தனியாகத் தெரிந்தால் தேர்ந்தெடுங்கள். தெரியாவிட்டால் ஆல்ட் + எஸ்கேப். இந்த விசை பலருக்குத் தெரியாது. முன்னால் நிற்கும் சாளரத்தை அடுக்கின் அடிக்குத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொடுக்கும். இரண்டு மூன்று முறை தட்டினால் மறைந்திருந்தது மேலே வந்துவிடும். மேக்கில் ஒரே ப்ரோகிராமின் சாளரங்களுக்குள் மாற கமாண்டோடு டேப்புக்கு மேலேயுள்ள விசை.

விண்டோஸில் டாஸ்க்பாரில் கேடய ஐகான் ஒன்று மினுக்குகிறதா என்றும் பாருங்கள். இன்ஸ்டால் செய்யும்போது அனுமதி கேட்கும் பெட்டி அது. “அரை மணி நேரமா இன்ஸ்டால் ஆகிட்டே இருக்கு” என்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கேடயம்தான்.

எதுவும் கண்ணில் படவில்லை, அவசரம் என்றால் எஸ்கேப் விசையை மட்டும் ஒருமுறை தட்டலாம். அது வழக்கமாக ‘ரத்து’ என்ற பதிலாகப் போகும். என்டர் வேண்டாம்.

### சத்தமே இல்லை, சாளரம் வெளிறிப்போகிறது

ப்ரோகிராம் ஐந்து நொடி எதற்கும் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் அதன்மேல் ஒரு பொய்ச் சாளரத்தை வைத்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று ஒட்டிவிடும். நீங்கள் பார்க்கும் வெளிறிய படம் அந்த நகல்தான். அதனால்தான் அதை நகர்த்த முடிகிறது, உள்ளே எதையும் தொட முடிவதில்லை. பெரிய கோப்பைத் திறக்கும்போதும் இப்படி ஆகும். டாஸ்க் மேனேஜரில் அதன் சிபியு, டிஸ்க் எண்கள் அசைந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது. காத்திருங்கள். நெடுநேரம் பூஜ்ஜியத்திலேயே நின்றால் மட்டும் மூடுங்கள்.

### ஒவ்வொரு முறையும் அதே பெட்டிதான் ஒளிகிறது

இது உங்கள் தவறல்ல, விண்டோஸின் தவறும் அல்ல. ஒரு பெட்டியை உருவாக்கும்போது ‘இதற்கு உரிமையாளர் அந்தப் பெரிய சாளரம்’ என்று ப்ரோகிராம் சொல்ல வேண்டும். சொன்னால் பெட்டி எப்போதும் உரிமையாளருக்கு மேலேயே நிற்கும். சொல்ல மறந்தால் அநாதையாகப் பின்னால் போய்விடும். நீங்கள் என்ன செட்டிங்ஸ் மாற்றினாலும் தீராது. ப்ரோகிராமை எழுதியவர்களுக்குத்தான் தெரிவிக்க வேண்டும்: எந்த மெனுவை அழுத்தினீர்கள், எந்தப் பெட்டி மறைந்தது, எத்தனை மானிட்டர். இந்த மூன்றும் இருந்தால் அவர்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

## அறிகுறி: ஒரு சாளரம் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது

சாளரங்கள் ஒரே அடுக்காக இல்லை. சாதாரணச் சாளரங்களுக்கு ஓர் அடுக்கு, ‘எப்போதும் மேலே’ என்று குறியிட்டவற்றுக்கு அதற்கும் மேலே தனி அடுக்கு. கீழ் அடுக்கில் எதைக் கிளிக் செய்தாலும் அந்த அடுக்குக்குள்தான் மேலே வரும்.

ஆக, குறியை நீக்க வேண்டும். விண்டோஸில் முதல் சந்தேகம் பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் துணைக் கருவித் தொகுப்பு. அது இருந்தால் விண்டோஸ் + கண்ட்ரோல் + டி (T) கை தவறி அழுந்தினாலே இந்தக் குறி விழும். மறுபடி அழுத்தினால் நீங்கும். அடுத்தது வீடியோ ப்ளேயரின் மெனு, அப்புறம் டாஸ்க் மேனேஜரின் அமைப்புகள். லினக்ஸில் டைட்டில் பாரில் வலது கிளிக் செய்து, ‘ஆல்வேஸ் ஆன் டாப்’ அல்லது ‘கீப் அபவ் அதர்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

முழுத்திரை வீடியோவின் அடியில் டாஸ்க்பார் மட்டும் பிடிவாதமாகத் தெரிகிறதா? டாஸ்க்பாரும் மேல் அடுக்கைச் சேர்ந்ததுதான். முழுத்திரைச் சாளரம் வந்தால் அது தானாக ஒதுங்கும். ஏதோ ஒரு ப்ரோகிராம் கவனம் கேட்டு மினுக்கினால் ஒதுங்காது. மினுக்கும் பட்டனைக் கிளிக் செய்துவிட்டு வாருங்கள். போதவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ வரியில் ரீஸ்டார்ட். திறந்திருக்கும் வேலைகளுக்கு ஒன்றும் ஆகாது, கோப்புறைச் சாளரங்கள் மட்டும் மூடிக்கொள்ளும்.

## அறிகுறி: திரையின் ஒரு கட்டத்தில் மட்டும் கிளிக் விழவில்லை

என் அனுபவத்தில் மிக வினோதமானது இது. திரையின் வலது கீழ் மூலையில் கை அகலத்துக்கு ஒரு பகுதி. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், பட்டன்மேல் கர்சர் போகும், கிளிக் மட்டும் செத்துக் கிடக்கும். அந்தக் கணினிக்கு இரண்டு மவுஸ் மாற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள்.

சோதனை ஒன்றே: பட்டன் இருக்கும் சாளரத்தை இழுத்து வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

### பட்டன் இப்போது வேலை செய்கிறது

அப்படியானால் செத்த பகுதி திரையோடு ஒட்டியது. முழுக்க ஒளிபுகும் சாளரம் ஒன்று மேல் அடுக்கில் படுத்துக்கொண்டு கிளிக்குகளை எல்லாம் விழுங்குகிறது. ஸ்க்ரீன் ரெக்கார்டர், கேம் ஓவர்லே, அறிவிப்புக் காட்டிவிட்டு மறையாமல் நின்ற சாட் ப்ரோகிராம், தொலைவிலிருந்து இயக்கும் ப்ரோகிராம் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகான்களை ஒவ்வொன்றாக மூடி, மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைக் கிளிக் செய்து பாருங்கள். மொத்தமாக மூடினால் யார் என்று தெரியாது, நாளைக்கு மறுபடி வரும்.

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் அமைப்பு எக்ஸ்11 என்றால் நேராகப் பிடிக்கலாம். டெர்மினலில் எக்ஸ்வின்இன்ஃபோ (xwininfo) கட்டளையைக் கொடுத்து, செத்த இடத்தில் கிளிக் செய்தால் அங்கே மேலே இருக்கும் சாளரத்தின் பெயரைச் சொல்லிவிடும். விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோவோடு வரும் ஸ்பை++ அதே வேலையைச் செய்யும்.

### நகர்த்தியும் வேலை செய்யவில்லை

செத்த பகுதி சாளரத்தோடு கூடவே போகிறது. ப்ரோகிராமுக்குள் பிரச்சினை. அப்டேட் செய்யுங்கள், அல்லது எழுதியவர்களிடம் சொல்லுங்கள்.

### மவுஸ் வேலை செய்கிறது, விரல் தொட்டால் மட்டும் இல்லை

சாளரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொடுதிரையைத் துடைத்து, ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

## அறிகுறி: டைப் செய்யும்போது குறுக்கே வந்து விழுகிறது, அல்லது திறந்தது பின்னால் போய் நிற்கிறது

இரண்டும் ஒரே பூட்டின் இரண்டு பக்கங்கள். நீங்கள் வேலையில் இருக்கும்போது வேறு ப்ரோகிராம் முன்னால் பாயக் கூடாது என்று விண்டோஸ் தடுக்கும். பாயத் துடித்தது டாஸ்க்பாரில் மினுக்குவதோடு நின்றுவிடும்.

பின்னால் போய் நிற்கிறது என்பவர்கள் முதலில் தங்கள் கையைக் கவனியுங்கள். கனமான ப்ரோகிராம் திறக்கும் இடைவெளியில் வேறு எங்கேயாவது கிளிக் செய்கிறீர்களா? ‘இவர் வேறு வேலையில் இருக்கிறார்’ என்று பூட்டு விழுந்துவிடும். க்னோமில் அதே நேரத்தில் ‘தயார்’ என்று அறிவிப்பு வருவதும் இதனால்தான்.

குறுக்கே விழுகிறது என்றால் பூட்டை ஏதோ ஒரு ப்ரோகிராம் கழற்றியிருக்கலாம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், கரண்ட் யூசரின் கீழ் கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்று போனால் ‘ஃபோர்கிரவுண்ட் லாக் டைம்அவுட்’ இருக்கும். வழக்கமான மதிப்பு 200000 மில்லிநொடி. பூஜ்ஜியமாக இருந்தால் மீட்டு வையுங்கள், லாக் ஆஃப் செய்து வாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழக்கமில்லாதவர்கள் இங்கே ஒருவரைக் கூப்பிடுவது நல்லது. கேடிஈயில் இத்தனை சிரமமில்லை: சாளர நடத்தைப் பக்கத்தில் ‘ஃபோகஸ் ஸ்டீலிங் ப்ரிவென்ஷன்’ என்று ஐந்து நிலைகள் உண்டு, ஒரு படி ஏற்றிப் பாருங்கள்.

மவுஸ் மேலே போனாலே சாளரம் எழுகிறது என்றால் வேறு கதை. கண்ட்ரோல் பேனலில் மவுஸ் வசதிப் பக்கத்தில் ‘மேலே நின்றால் செயல்படுத்து’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: மானிட்டர் தூங்கி எழுந்தால் எல்லாம் ஒரே திரையில் குவிகிறது

டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்த மானிட்டர் தூங்கும்போது, கேபிளையே பிடுங்கியதுபோல் கணினிக்குத் தெரியலாம். உடனே சாளரங்களை மிச்சமுள்ள திரைக்கு அனுப்பிவிடும்.

விண்டோஸ் 11-இல் சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போய், மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளர இடத்தை நினைவில் வைக்கும் டிக்கைப் போடுங்கள். போதவில்லையென்றால் மானிட்டரின் சொந்த மெனுவில் ‘டீப் ஸ்லீப்’, தானாக இன்புட் தேடுவது இரண்டையும் அணையுங்கள். அப்புறம் வேறு கேபிள், முடிந்தால் ஹெச்டிஎம்ஐ. கடைசியாக டாக் (லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் நடுவே இருக்கும் இணைப்புப் பெட்டி): அதை விலக்கி மானிட்டரை நேராகச் செருகிப் பாருங்கள். நேராகச் சரியாக இருந்தால் டாக்கின் ஃபர்ம்வேரை (அதற்குள் இருக்கும் மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு, அதற்கும் மசியவில்லையென்றால் மட்டும் புதிது வாங்குவதை யோசிக்கலாம்.

லினக்ஸில் எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலேண்ட் அமைப்பைப் பயன்படுத்துபவர்கள் ‘ப்ரோகிராம் பழைய இடத்தில் திறக்கவில்லை’ என்று பிழை தேடி அலைய வேண்டாம். அங்கே சாதாரண ப்ரோகிராம் சாளரத்துக்குத் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. கேடிஈயில் ‘விண்டோ ரூல்ஸ்’ எழுதி ஓரளவு கட்டுப்படுத்தலாம்.

## அறிகுறி: இழுத்தால் தடம் விழுகிறது, கறுப்புக் கட்டங்கள் தெரிகின்றன

சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படமாக்கும் பகுதி தடுமாறுகிறது. விண்டோஸ் + கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (B) அழுத்துங்கள். திரை ஒரு கணம் இருண்டு, கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். எக்ஸ்11-இல் இயங்கும் கேடிஈயில் ஆல்ட் + ஷிஃப்ட் + எஃப்12 இரண்டு முறை. எக்ஸ்எஃப்சிஈயில் சாளர மேலாளரின் நுணுக்க அமைப்புகளில் ‘கம்பாசிட்டர்’ தாவல்.

விண்டோஸில் இந்த வேலையைச் செய்யும் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜரை அணைத்துவிடுங்கள் என்ற பழைய அறிவுரையைக் கேட்காதீர்கள். விண்டோஸ் 7 காலத்தோடு அது போயிற்று. விண்டோஸ் 8 முதல் அதை அணைக்க வழியில்லை.

மீண்டும் வருகிறதா? கட்டங்கள் தெரியும்போதே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வேறொரு கணினியிலோ போனிலோ திறந்து பாருங்கள்.

### ஸ்க்ரீன்ஷாட்டில் படம் சுத்தமாக இருக்கிறது

கோளாறு பெரும்பாலும் படம் கணினியைவிட்டுப் புறப்பட்ட பிறகுதான் நேர்கிறது. கேபிளை மாற்றுங்கள், வேறு மானிட்டரில் பாருங்கள். லேப்டாப்பின் சொந்தத் திரையில் மட்டும் தெரிந்தால் உள்ளே இருக்கும் திரைக் கேபிளாக இருக்கலாம். அதை நீங்களே திறக்க வேண்டாம்.

### ஸ்க்ரீன்ஷாட்டிலும் கட்டங்கள் இருக்கின்றன

சமீபத்தில் டிரைவர் அப்டேட் ஆகியிருந்தால் பழையதற்குத் திரும்புங்கள். ஆகாமல் கிடந்தால் அப்டேட் செய்யுங்கள். ஒரே ஒரு ப்ரோகிராமில் மட்டும் என்றால் அதன் அமைப்புகளில் ‘ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்’ அணைத்துப் பாருங்கள். அதன்பின் தூசியும் சூடும்: விசிறி சுற்றுகிறதா, காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறதா?

இத்தனைக்கும் பிறகு, கணினியைப் போட்டவுடன் லோகோ வரும் திரையிலேயே கோடுகளோ கட்டங்களோ தெரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸின் டிரைவர் ஏறுவதற்கு முந்தைய நேரம் அது. மானிட்டரையும் கேபிளையும் ஏற்கெனவே மாற்றிப் பார்த்திருந்தால் மிச்சம் கிராஃபிக்ஸ் கார்டு, அல்லது லேப்டாப்பில் போர்டு. கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொண்டு டெக்னீஷியனிடம் கொடுங்கள். கூடவே அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும், லோகோ திரையைப் போனில் எடுத்த படத்தையும் காட்டுங்கள். ‘விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்து பார்க்கலாமே’ என்று அவர் தொடங்கினால், இரண்டாவது படத்தை இன்னொரு முறை காட்டுங்கள்.